ஒரு நிரை, ஒரு நோயாளி: புற்றுநோய் மரபணுத் தரவில் முதல் ஆய்வைத் தொடங்குவோருக்கு

மும்பையின் பரேலில் 1941 முதல் இயங்கிவரும் டாடா நினைவு மருத்துவமனையைக் காலை ஏழு மணிக்குக் கடந்து செல்பவர்கள், பருத்த கோப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு நடைபாதையில் காத்திருக்கும் குடும்பங்களைப் பார்த்திருப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து ரயிலேறி வந்து, தாராவியிலோ செம்பூரிலோ உறவினர் வீட்டில் தங்கி, விடியுமுன் வரிசையில் நிற்பவர்களும் அவர்களில் உண்டு. புற்றுநோய் மரபணுத் தரவை முதன்முதலாகத் திறக்கும் ஒருவர், தம் திரையில் தெரியும் அட்டவணையின் ஒவ்வொரு நிரையும் அப்படி எங்கோ காத்திருந்த ஒரு மனிதர் என்பதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும் என்பதே நான் முதலில் சொல்ல விரும்புவது. இதை இரக்கத்துக்காக மட்டும் சொல்லவில்லை. இந்தத் துறையில் நடக்கும் பெரும் பிழைகள் பலவும், ஆய்வாளர் நோயாளிகளை எண்ணாமல் மரபணுக்களை எண்ணியதால் விளைந்தவை.

மாட்டுங்காவில் ஒரு வீட்டுக் கூடத்தில், புள்ளியியலோ கணினியியலோ படித்த தமிழ் மாணவர்கள் சிலருடன் ஞாயிற்றுக்கிழமைகளில் இத்தகைய தரவை வாசித்து வருகிறேன். அங்கே வரும் ஏறத்தாழ ஒவ்வொருவரும் முதல் நாளில் கேட்கும் கேள்வி, எந்த மாடலைப் பயன்படுத்த வேண்டும் என்பதுதான். மாடலைத் தேர்ந்தெடுப்பது இந்த வேலையின் எளிய பகுதி என்றும், அதற்கு முன்னும் பின்னும் உள்ள படிகளில்தான் ஆய்வு நிற்கிறது அல்லது விழுகிறது என்றும் அவர்களுக்குச் சொல்வதையே இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். பைத்தான் அல்லது ஆர் மொழியில் ஓர் அட்டவணையைத் திறக்கத் தெரிந்திருந்தால் போதும். உயிரியல் பட்டம் தேவையில்லை.

தொடங்குமுன் தெரிந்திருக்க வேண்டிய உயிரியல்

மனித மரபணுத்தொகை ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்டது. அதில் புரதங்களை உருவாக்கும் மரபணுக்கள் சுமார் 20,000; அவற்றின் புரதக் குறியீட்டுப் பகுதிகள் மொத்த நீளத்தில் ஒன்று முதல் இரண்டு விழுக்காடுதான். அந்தப் பகுதிகளை மட்டும் வாசிப்பதை எக்ஸோம் வாசிப்பு என்கிறோம். பெற்றோரிடமிருந்து வந்து உடலின் எல்லாச் செல்களிலும் இருக்கும் மாற்றங்கள் ஒரு வகை. வாழ்நாளில் ஏதோ ஒரு செல்லில் தோன்றி, அதன் வழித்தோன்றல்களில் மட்டும் இருக்கும் பிறழ்வுகள் இன்னொரு வகை. கட்டியில் நாம் தேடுவது பெரும்பாலும் இரண்டாம் வகையை. அதனால்தான் ஒரே நோயாளியின் கட்டியையும் இரத்தத்தையும் சேர்த்து வாசித்து, இரண்டிலும் உள்ளவற்றைக் கழித்துவிடுகிறார்கள்.

கைக்குக் கிடைக்கும் அட்டவணைகள் பெரும்பாலும் மூன்று. எந்த நோயாளிக்கு எந்த மரபணுவில் எந்த எழுத்து மாறியது என்று சொல்வது பிறழ்வு அட்டவணை. மரபணு எத்தனை பிரதிகளாகப் பெருகியது அல்லது இழக்கப்பட்டது என்று சொல்வது பிரதி எண்ணிக்கை அட்டவணை. ஒவ்வொரு மரபணுவும் எவ்வளவு ஆர்.என்.ஏ-வாக எழுதப்படுகிறது என்று சொல்வது வெளிப்பாட்டு அட்டவணை. புதியவர்கள் வெளிப்பாட்டு அட்டவணையில் தொடங்குவது நல்லது. அதில் எண்கள் நிறைந்திருக்கும், புள்ளியியல் அறிந்தவருக்கு அது பழகிய நிலம்.

விடை தெரிந்த கேள்வியில் தொடங்குங்கள்

முதல் ஆய்வுக்குப் புதிய கண்டுபிடிப்பைத் தேடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மார்பகப் புற்றுநோயில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, அதாவது அந்த ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதம், இருக்கிறதா இல்லையா என்பதை நோயியல் வல்லுநர் திசுவுக்குச் சாயமேற்றி ஏற்கெனவே கண்டறிந்திருப்பார். மரபணு வெளிப்பாட்டை மட்டும் பார்த்து அதை நம் மாடல் சொல்ல முடிகிறதா என்று கேளுங்கள். அந்த ஏற்பியைக் குறிக்கும் ஈ.எஸ்.ஆர்.1 மரபணு உங்கள் பட்டியலின் உச்சிக்கு அருகில் வரவில்லை என்றால், பிழை உங்கள் வழிமுறையில் இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். விடை தெரியாத கேள்வியில் தொடங்குபவருக்கு இந்தக் காவல் கிடையாது. தவறான விடையும் அவருக்குப் புதுமையாகவே தோன்றும்.

கேள்வியை ஒரே வாக்கியத்தில் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். அந்த வாக்கியத்தில் யாரைப் பற்றி, எதை வைத்து, எதைக் கணிக்கிறோம், எத்தனை நோயாளிகள் என்ற நான்கும் இருக்க வேண்டும். தரவைத் திறந்த பிறகு கேள்வி மாறினால், மாறிய நாளையும் காரணத்தையும் கீழே எழுதுங்கள்.

தரவை எங்கிருந்து எடுப்பது

அமெரிக்காவில் 2006-இல் தொடங்கப்பட்ட புற்றுநோய் மரபணுத்தொகை வரைபடத் திட்டம், அதாவது டி.சி.ஜி.ஏ., 33 வகைப் புற்றுநோய்களில் 11,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவைச் சேர்த்தது. அதன் பதப்படுத்தப்பட்ட அட்டவணைகள் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஜி.டி.சி. தளத்தில் எவருக்கும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சிபயோபோர்ட்டல், யூ.சி.எஸ்.சி. ஸீனா ஆகிய இரண்டும் அதே தரவை இன்னும் எளிதாகப் பார்க்க உதவுபவை. பதிவிறக்குமுன் அரை நாள் சிபயோபோர்ட்டலில் சுற்றிப் பார்ப்பது வீணாகாது. ஆர் மொழியில் டி.சி.ஜி.ஏ.பயோலிங்க்ஸ் என்ற தொகுப்பு பதிவிறக்கத்தையே நிரலாக எழுத உதவுகிறது. எதை எப்போது இறக்கினோம் என்ற பதிவு தானாகவே நிரலில் தங்கிவிடும் என்பதால் நான் இதையே பரிந்துரைப்பேன்.

மூல வாசிப்புக் கோப்புகளும் பரம்பரை மாற்றங்களும் திறந்த அணுகலில் இல்லை. அவை ஒரு மனிதரை அடையாளம் காட்டக்கூடியவை என்பதால், நிறுவனத்தின் கையொப்பத்துடன் விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். தொடங்குபவருக்கு அவை தேவையுமில்லை. சாதாரண மடிக்கணினி இந்த வேலைக்குப் போதுமா என்று கேட்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: 1,100 கட்டிகள், புரதம் உருவாக்காத மரபணுக்களையும் சேர்த்து 60,000 நெடுவரிசைகள், ஒவ்வோர் எண்ணுக்கும் எட்டு பைட் என்றால் ஏறத்தாழ அரை ஜிகாபைட். எட்டு ஜிகாபைட் நினைவகம் உள்ள கணினி இதைத் தாங்கும். தாங்காவிட்டால் கூகுள் கோலாப் இருக்கிறது.

அட்டவணையைக் கண்ணால் பாருங்கள்

இந்தப் படிக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள் என்று நான் சொல்லும்போது மாணவர்களின் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஒரு வாரத்தைக் குறைக்க மாட்டேன்.

முதலில் நிரைகளின் பெயர்களை வாசியுங்கள். டி.சி.ஜி.ஏ. குறியீட்டின் முதல் 12 எழுத்துகள் நோயாளியைக் குறிக்கின்றன. அதற்கடுத்து வரும் இரண்டு இலக்கங்கள் மாதிரியின் வகையைச் சொல்கின்றன. 01 என்றால் முதன்மைக் கட்டி, 06 என்றால் பரவிய கட்டி, 11 என்றால் கட்டிக்கு அருகிலிருந்த இயல்பான திசு, 10 என்றால் இரத்தம். ஒரே நோயாளிக்கு இரண்டு மூன்று மாதிரிகள் இருப்பதும் உண்டு. இதைக் கவனிக்காமல் எல்லா நிரைகளையும் குலுக்கிப் பிரித்தால், ஒருவரின் கட்டி பயிற்சித் தரவிலும் அவருடைய இன்னொரு மாதிரி சோதனைத் தரவிலும் போய் விழும். மாடல் நோயை அடையாளம் காண்பதற்குப் பதிலாக ஆளை அடையாளம் காணும்.

அடுத்து, தரவு தன்னோடு தானே ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒய் குரோமோசோமில் உள்ள ஆர்.பி.எஸ்.4.ஒய்1 போன்ற மரபணுக்கள் ஆண்களில் மட்டும் வெளிப்படும். எக்ஸிஸ்ட் என்ற மரபணு பெண்களில் வெளிப்படும். மருத்துவப் பதிவில் பெண் என்றிருந்து ஒய் குரோமோசோம் மரபணுக்கள் உயர்ந்திருந்தால், மாதிரிகள் எங்கோ இடம் மாறியிருக்கக்கூடும். சில மார்பகக் கட்டிகளில் எக்ஸிஸ்ட் அடங்கிப்போவதுண்டு என்பதால், அதை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. மார்பகப் புற்றுநோய்த் தொகுப்பில் ஆண்களும் சிலர் இருக்கிறார்கள். அவர்களைப் பிழை என்று நீக்கிவிடவும் கூடாது.

மூன்றாவதாக, எக்செல் மென்பொருளில் மரபணுப் பட்டியலைத் திறந்து சேமிக்காதீர்கள். மார்ச்1, செப்ட்2 போன்ற மரபணுப் பெயர்களை அது மார்ச் 1, செப்டம்பர் 2 என்று தேதிகளாக மாற்றிவிடும். 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, எக்செல் மரபணுப் பட்டியலை இணைத்திருந்த கட்டுரைகளில் ஐந்தில் ஒரு பங்கில் இப்பிழை இருந்ததாகக் கண்டது. 2020-இல் பெயரிடும் குழு அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவிட்டது; ஆனால் பழைய கோப்புகள் இன்னும் புழக்கத்தில் உள்ளன.

நான்காவதாக, மாதிரிகள் எந்தத் தொகுதியில், எந்த ஆய்வகத்தில், எந்தத் தட்டில் வைத்து வாசிக்கப்பட்டன என்பதை எடுத்து, ஆயிரக்கணக்கான மரபணுக்களைச் சில அச்சுகளாகச் சுருக்கிக் காட்டும் முதன்மைக் கூறுப் பகுப்பாய்வின் படத்தில் அதற்கேற்ப நிறம் கொடுங்கள். புள்ளிகள் நோயின் தன்மைப்படி பிரியாமல் தட்டின்படி பிரிந்தால், உங்கள் மாடல் கற்கப்போவது தட்டின் எண்ணைத்தான். நோயுற்றவர்கள் எல்லோரும் ஒரு மாதத்திலும், ஒப்பீட்டுக்கானவர்கள் எல்லோரும் இன்னொரு மாதத்திலும் வாசிக்கப்பட்டிருந்தால் எந்தத் திருத்த முறையும் அந்தத் தரவை மீட்காது. எனவே மும்பையில் சொந்தமாக மாதிரி சேகரிக்கும் குழுவில் நீங்கள் சேர்ந்தால், ஆய்வகத்துக்குக் குழாய்கள் போகுமுன் வரிசையைக் குலுக்கி அடுக்குமாறு சொல்வதே புள்ளியியலாளராக நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.

முதலில் பிரியுங்கள், பிறகுதான் எதையும் தேர்ந்தெடுங்கள்

நோயாளிகளில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து, அந்தக் கோப்பை மூடி வைத்துவிடுங்கள். மரபணுக்களை வடிகட்டுவது, சராசரியைக் கழித்து அளவுகோலைச் சமன் செய்வது, விடுபட்ட எண்களை நிரப்புவது என எல்லாமே மீதமுள்ள நோயாளிகளை வைத்து மட்டுமே நடக்க வேண்டும். தரவைப் பல பங்குகளாக்கி, சுற்றுக்கு ஒரு பங்கைச் சோதனைக்கு ஒதுக்கும் குறுக்குச் சரிபார்ப்பு செய்தால், ஒவ்வொரு சுற்றிலும் மரபணுத் தேர்வை முதலிலிருந்து மறுபடி செய்ய வேண்டும். ஆம்ப்ரோய்ஸ், மெக்லாக்லன் இருவரும் 2002-இலேயே இதை எச்சரித்து எழுதிவிட்டார்கள். இருந்தும் இந்தப் பிழை இன்னும் அச்சேறுகிறது.

சொன்னால் நம்பாதவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 60 நிரைகள், 20,000 நெடுவரிசைகள் கொண்ட ஓர் அட்டவணையை முழுக்கத் தற்செயல் எண்களால் நிரப்புங்கள். பாதி நிரைகளுக்கு ‘ஆம்’ என்றும் மீதிக்கு ‘இல்லை’ என்றும் குலுக்கிப் பெயரிடுங்கள். இப்போது 60 பேரையும் வைத்து, பெயரோடு மிகவும் ஒத்துப்போகும் 20 நெடுவரிசைகளைத் தேர்ந்தெடுத்து, அந்த 20-ஐ மட்டும் வைத்துக் குறுக்குச் சரிபார்ப்பு செய்யுங்கள். உள்ளே ஒன்றுமே இல்லாத தரவிலிருந்து 90 விழுக்காட்டை ஒட்டிய துல்லியம் வெளிவரும். பிறகு தேர்வைச் சுற்றுக்குள் நகர்த்தி மறுபடி ஓட்டுங்கள். காசு சுண்டிப் பார்ப்பதற்கு இணையான 50 விழுக்காட்டுக்கு அது இறங்கிவிடும்.

எங்கள் கூடத்துக்கு வரும் ஒரு மாணவி, தம் கல்லூரித் திட்டப்பணியில் கிடைத்த மிக உயர்ந்த துல்லியத்தை மகிழ்ச்சியோடு காட்டினார். இந்தச் சோதனையை அவருடைய நிரலிலேயே ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அடுத்த வாரம் திருத்திய நிரலோடும் பாதியாகக் குறைந்த மரபணுப் பட்டியலோடும் வந்தார். அன்று முதல், கூடத்தில் சேரும் ஒவ்வொருவரும் இதைத் தம் கையால் செய்த பிறகே உண்மையான தரவைத் தொடுகிறார்கள்.

மரபணு வாரியாகப் புள்ளியியல்

ஏற்பி உள்ள கட்டிகளுக்கும் இல்லாதவற்றுக்கும் இடையே எந்த மரபணுக்கள் வேறுபடுகின்றன என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பது அடுத்த படி. ஆர்.என்.ஏ. வாசிப்பு தருவது எண்ணிக்கைகள். அவற்றின் ஏற்ற இறக்கம் பாய்சான் பரவல் எதிர்பார்ப்பதைவிட மிகுதியாக இருக்கும், ஏனென்றால் நோயாளிக்கு நோயாளி உயிரியல் வேறுபடுகிறது. அதனால் எதிர்மறை ஈருறுப்புப் பரவலைக் கொண்டு இயங்கும் டெசெக்2, எட்ஜ்ஆர் ஆகிய ஆர் மொழித் தொகுப்புகளில் ஒன்றைப் பயன்படுத்துங்கள். அவற்றுக்குத் திருத்தப்படாத எண்ணிக்கைகளையே கொடுக்க வேண்டும். ஏற்கெனவே மடக்கைக்கு மாற்றிச் சமன் செய்த எண்களைக் கொடுப்பது தொடக்கநிலையில் மிக அதிகமாக நடக்கும் தவறு.

20,000 மரபணுக்களை 0.05 என்ற எல்லையில் சோதித்தால், உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாவிட்டாலும் 1,000 மரபணுக்கள் தேறிவிடும். இதைத் திருத்த 1995-இல் பெஞ்சமினி, ஹோக்பெர்க் இருவரும் தந்த முறையை ஒருமுறையாவது கையால் செய்து பாருங்கள். பி-மதிப்பு என்பது, உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாகத் தெரிவதற்கான வாய்ப்பு; அந்த மதிப்புகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள். முதல் இடத்திலுள்ளதற்கு எல்லை 0.05-ஐ 20,000-ஆல் வகுத்த 0.0000025, நூறாவது இடத்திலுள்ளதற்கு அதன் நூறு மடங்கான 0.00025. பட்டியலில் கீழிருந்து மேலே வரும்போது தன் எல்லைக்குள் அடங்கும் முதல் மதிப்பில் நின்று, அதுவும் அதற்கு மேலுள்ளவையும் தேறியவை என்று கொள்ளுங்கள். தேறியவற்றில் ஏறத்தாழ இருபதில் ஒன்று தவறாக இருக்கலாம் என்பதே அதன் பொருள்.

இப்போது மாடல்

எடைகள் பெருகாமல் தடுக்கும் லாசோ அல்லது எலாஸ்டிக் நெட் தண்டம் சேர்த்த லாஜிஸ்டிக் ரிக்ரெஷனில் தொடங்குங்கள். தேவையற்ற மரபணுக்களின் எடையை அது பூச்சியமாக்கிவிடும். எஞ்சியவற்றை ஒரு மருத்துவரிடம் காட்டிப் பேசலாம். ரேண்டம் ஃபாரஸ்ட் அதற்கடுத்து. சில நூறு நோயாளிகளை வைத்துக்கொண்டு ஆழ் கற்றலுக்குத் தாவுவதை நான் ஊக்குவிப்பதில்லை. எளிய மாடலைக் காட்டிலும் அது எவ்வளவு கூடுதலாகத் தந்தது என்று எண்ணில் காட்ட முடிந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

துல்லியத்தை மட்டும் அறிவிக்காதீர்கள். மார்பகக் கட்டிகளில் நான்கில் மூன்று பங்கு அளவுக்கு ஏற்பி உள்ளவை என்பதால், எல்லோருக்கும் ‘உள்ளது’ என்று சொல்லும் மாடலே 75 விழுக்காடு சரியாக இருந்துவிடும். அதனால் இரண்டு தவறுகளையும் தனித்தனியே எண்ணுங்கள். ஈ.எஸ்.ஆர்.1 என்ற ஒற்றை மரபணுவுக்கு ஓர் எல்லை வைத்தால் என்ன கிடைக்கிறது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். ஆயிரக்கணக்கான மரபணுக்களைக் கொண்ட உங்கள் மாடல் அதை வெல்லவில்லை என்றால், அதைத் தயங்காமல் எழுதுங்கள்.

உயிர்வாழ்வுக் கணக்கு

எவர் எவ்வளவு காலம் நோயின்றி இருந்தார் என்று கணிக்க விரும்புபவர், ‘ஐந்தாண்டு இருந்தார், இல்லை’ என்று இரண்டாக வெட்டிக்கொள்வது தவறு. பாதியில் கண்காணிப்பு விட்டுப்போனவர்கள் இறந்தவர்களும் அல்லர், பிழைத்தார்கள் என்று உறுதியாகச் சொல்லத்தக்கவர்களும் அல்லர். ஊர் திரும்பிப் பிறகு மருத்துவமனைக்கே வராத நோயாளியை எண்ணிப் பாருங்கள். அவர் வந்துபோன நாள் வரை அவரைக் கணக்கில் வைத்து, அதன்பின் விட்டுவிடுவதற்காகத்தான் 1958-இல் கப்லான், மையர் முறையும் 1972-இல் காக்ஸ் முறையும் வந்தன. பைத்தானில் லைஃப்லைன்ஸ், ஆர் மொழியில் சர்வைவல் என்ற தொகுப்புகள் இரண்டையும் செய்கின்றன.

டி.சி.ஜி.ஏ. மார்பகத் தொகுப்பில் கண்காணிப்புக் காலம் குறுகியது; ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் இறப்புகள் சுமார் 150. மாறி ஒன்றுக்குப் பத்து நிகழ்வுகளாவது வேண்டும் என்ற பழைய கைவிதியைக் கொண்டால், 15 மாறிகளுக்கு மேல் அந்தத் தரவு தாங்காது. 2018-இல் இத்தொகுப்பின் மருத்துவத் தரவைச் சீரமைத்தவர்கள், மார்பகப் புற்றுநோய்க்கு இறப்பைவிட நோய் முன்னேறாத இடைவெளியைப் பயன்படுத்துமாறு பரிந்துரைத்தார்கள். அந்தப் பரிந்துரையைப் பின்பற்றுங்கள்.

நோயாளிகளை ‘உயர்ந்த வெளிப்பாடு’, ‘தாழ்ந்த வெளிப்பாடு’ என்று பிரிக்கும் எல்லையை, பி-மதிப்பு மிகச் சிறியதாகும் இடம் பார்த்து வைப்பது இன்னொரு பொறி. இடைநிலை மதிப்பில் பிரியுங்கள், அல்லது பிரிக்காமல் எண்ணாகவே மாடலில் இடுங்கள்.

இங்கே ஒரு ஆய்வை நினைவில் வைக்க வேண்டும். 2011-இல் வெனே, டூமோன், டெட்டூர் மூவரும் மார்பகப் புற்றுநோயின் போக்கைக் கணிப்பதாக வெளிவந்த 47 மரபணுப் பட்டியல்களை எடுத்து, அதே நீளமுள்ள தற்செயல் பட்டியல்களோடு ஒப்பிட்டார்கள். அவற்றில் 28, தற்செயல் பட்டியல்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டவையாக இல்லை. செல்கள் எவ்வளவு விரைவாகப் பெருகுகின்றன என்ற ஒரே செய்தியை ஆயிரக்கணக்கான மரபணுக்கள் சுமந்திருப்பதால், எந்தக் கைப்பிடியை அள்ளினாலும் அந்தச் செய்தி அதில் இருக்கும் என்பதே காரணம். ஆகவே உங்கள் பட்டியல் 30 மரபணுக்கள் கொண்டது என்றால், தற்செயலாக 30 மரபணுக்களை ஆயிரம் முறை எடுத்து, உங்களுடையது அந்த ஆயிரத்தில் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று சொல்லுங்கள். இந்த ஒரு படியைச் செய்யாத உயிர்வாழ்வுக் கட்டுரையை நான் முழுதாக வாசிப்பதில்லை.

பிறழ்வு அட்டவணைக்கு வரும்போது

எந்த மரபணு அதிக நோயாளிகளில் பிறழ்ந்திருக்கிறது என்று வரிசைப்படுத்தினால், கட்டிகளை அடக்கும் மரபணுவான டிபி53 உச்சிக்கு அருகில் வரும், டைட்டினும் வரும். டைட்டின் தசையின் புரதம். அதற்குப் புற்றுநோயில் என்ன வேலை என்று வியக்கத் தேவையில்லை. டிபி53 புரதம் 393 அமினோ அமிலங்கள் கொண்டது. டைட்டின் 34,000-க்கும் மேற்பட்டவை கொண்டது. பத்து லட்சம் எழுத்துகளுக்கு இரண்டு பிறழ்வுகள் வீதம் கண்மூடித்தனமாக விழுவதாகக் கொள்ளுங்கள். ஒரு லட்சம் எழுத்துள்ள டைட்டினில் ஒரு கட்டிக்கு 0.2 பிறழ்வு எதிர்பார்க்கலாம். அதாவது ஆயிரம் நோயாளிகளில் ஏறத்தாழ 180 பேருக்கு அது தற்செயலாகவே பிறழ்ந்திருக்கும். டிபி53-இல் அதே கணக்கில் எதிர்பார்ப்பது இரண்டு மூன்று பேர்; மார்பகக் கட்டிகளில் உண்மையில் காண்பதோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. எண்ணிக்கையை அல்ல, எதிர்பார்த்ததற்கு மேல் எவ்வளவு என்பதைக் கேட்க வேண்டும். மரபணுவின் நீளம் மட்டுமல்லாமல், அது செல் சுழற்சியில் எப்போது பிரதியெடுக்கப்படுகிறது, எவ்வளவு வெளிப்படுகிறது என்பனவும் பின்னணி வீதத்தை மாற்றுகின்றன. 2013-இல் வந்த மியூட்சிக்சிவி என்ற முறை இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டது.

எழுத்து மாற்றங்களின் வடிவமும் பேசும். ஆறு வகை மாற்றங்கள், இடப்பக்கத்து எழுத்துக்கு நான்கு வாய்ப்புகள், வலப்பக்கத்து எழுத்துக்கு நான்கு வாய்ப்புகள் என்று பெருக்கினால் 96 கட்டங்கள் வரும். ஒவ்வொரு கட்டியின் பிறழ்வுகளையும் இந்தக் கட்டங்களில் எண்ணி, எதிர்மறை எண்கள் அற்ற அணிக் காரணிப்படுத்தல் மூலம் பிரித்தால், பிறழ்வுகளை உண்டாக்கிய காரணங்களின் சுவடுகள் தனித்தனியே தெரிகின்றன. அலெக்ஸாண்ட்ரோவும் சகாக்களும் 2013-இல் இதை 7,000-க்கும் மேற்பட்ட புற்றுநோய்களில் செய்து காட்டினார்கள். எஸ்.பி.எஸ்.4 என்பது புகைப்பவரின் நுரையீரலில் தெரியும் சுவடு, எஸ்.பி.எஸ்.7 வெயிலின் சுவடு, எஸ்.பி.எஸ்.29 புகையிலை மெல்பவர்களின் வாய்ப்புற்றில் காணப்பட்டது.

இந்த இடத்தில் மும்பை வாசகர் சற்று நிற்க வேண்டும். இந்திய ஆண்களிடையே வாய்ப்புற்றுநோய் முதன்மை இடத்தில் இருக்கிறது. கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே புகையிலையை அடக்கிவைக்கும் பழக்கம் அதன் பெருங்காரணம். பன்னாட்டுப் புற்றுநோய் மரபணுத்தொகைக் கூட்டமைப்பில் இந்தியா எடுத்துக்கொண்டது இந்த நோயைத்தான். கல்யாணியிலுள்ள தேசிய உயிர்மருத்துவ மரபணுவியல் நிறுவனமும், நவி மும்பை கார்கரிலுள்ள, டாடா நினைவு மையத்தின் ஆய்வு நிறுவனமான ஆக்ட்ரெக்கும் சேர்ந்து, 50 நோயாளிகளின் எக்ஸோம்களை வாசித்து, மேலும் 60 பேரிடம் சரிபார்த்து 2013-இல் வெளியிட்டன. அறிந்த டிபி53, காஸ்ப்8, நாட்ச்1 போன்றவற்றோடு, யு.எஸ்.பி.9எக்ஸ், ஏரிட்2 போன்றவையும் திரும்பத் திரும்பப் பிறழ்வதை அது காட்டியது. இரண்டாவது ஆய்வாக எதை எடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் இந்த நோயையே சொல்கிறேன்: டி.சி.ஜி.ஏ.வின் தலை கழுத்துத் தொகுப்பில் வாய்ப்பகுதிக் கட்டிகளை மட்டும் பிரித்தெடுத்து, இந்தியக் கட்டுரை சொல்லும் மரபணுக்கள் அங்கே எவ்வளவு பிறழ்கின்றன என்று ஒப்பிடலாம்.

இரத்த மாதிரி இல்லாமல் கட்டியை மட்டும் வாசித்த தரவில், இந்தியர்களிடம் இயல்பாக உள்ள ஒரு பரம்பரை மாற்றம், வெளிநாட்டுத் தரவுத்தளங்களில் இல்லாத காரணத்தால், புற்றுநோய்ப் பிறழ்வு என்று தவறாகப் பட்டியலில் ஏறிவிடும். இதைத் தடுக்க, ஆக்ட்ரெக் 2016-இல் 62 இயல்பு மாதிரிகளிலிருந்து உருவாக்கிய டி.எம்.சி.-எஸ்.என்.பி.டி.பி., 1,029 இந்தியர்களின் முழு மரபணுத்தொகையிலிருந்து எழுந்த இண்டிஜென் ஆகிய தரவுத்தளங்களைக் கொண்டு வடிகட்டுங்கள்.

வெளித் தரவில் ஒரே ஒரு முறை

மூடி வைத்த ஐந்தில் ஒரு பங்கை இப்போது திறக்கலாம், ஒரு முறைதான். எண் பிடிக்கவில்லை என்று மாடலைத் திருத்திவிட்டு மறுபடி திறந்தால், அது சோதனைத் தரவு என்ற பெயரை இழந்துவிடுகிறது. அதன்பின் வேறு நாட்டில், வேறு கருவியில் எடுத்த தொகுப்பில் ஓட்டுங்கள். மார்பகப் புற்றுநோய்க்குப் பிரிட்டனிலும் கனடாவிலும் சேகரித்து 2012-இல் வெளிவந்த, ஏறத்தாழ 2,000 கட்டிகள் கொண்ட மெட்டாப்ரிக் உண்டு. அது மைக்ரோஅரே முறையில் அளந்தது என்பதால் எண்களின் அளவுகோல் வேறு. ஒவ்வொரு நோயாளிக்குள்ளும் மரபணுக்களைத் தரவரிசையாக மாற்றிக்கொள்வது எளிய வழி. டி.சி.ஜி.ஏ. நோயாளிகளில் பெரும்பான்மையினர் வெள்ளையினத்தவர் என்பதால், இங்குள்ளவர்களுக்குப் பொருந்தும் என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சென்னை ஐ.ஐ.டி. 2025 பிப்ரவரியில் வெளியிட்ட பாரத் புற்றுநோய் மரபணுத்தொகை வரைபடம், 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் 960 எக்ஸோம்களோடு அந்தக் குறையை நிரப்பத் தொடங்கியிருக்கிறது.

குறிப்பேடு

நிரலின் பதிப்பு, தொகுப்புகளின் பதிப்பு, தற்செயல் எண்ணின் விதை, பதிவிறக்கிய நாள் ஆகியவற்றைச் சேமியுங்கள். நிரைப் பெயர்களைக் கையால் ஒட்டி வைக்காமல், பெயரைக் கொண்டு நிரலாலேயே இணையுங்கள். 2006-இல் வெளிவந்த ஒரு கட்டுரை, மரபணு வெளிப்பாட்டைக் கொண்டு எந்த நோயாளிக்கு எந்த மருந்து பலிக்கும் என்று சொல்ல முடியும் என்றது. அதை நம்பி நோயாளிகளிடம் சோதனைகளும் தொடங்கின. அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் புள்ளியியலாளர்கள் பேகர்லி, கூம்ப்ஸ் இருவரும் அந்தக் கணக்கை மாதக்கணக்கில் உழைத்து மறுபடி செய்து பார்த்து, மரபணுப் பட்டியல் ஒரு நிரை தள்ளிப்போயிருந்ததையும், மருந்துக்கு இணங்குபவர், இணங்காதவர் என்ற பெயர்கள் மாறியிருந்ததையும் 2009-இல் எழுதினார்கள். கட்டுரை 2011-இல் திரும்பப் பெறப்பட்டது.

மருத்துவரிடம் கொண்டுபோகும் தாள்

மாடல் இரு பிரிவினரை எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறது என்று அளக்கும் வளைவின் கீழ்ப் பரப்பு 0.91 என்று சொன்னால், புறநோயாளிப் பிரிவில் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் புற்றுநோய் மருத்துவருக்கு அது எதையும் சொல்லாது. சோதனைத் தரவின் நோயாளிகளை நூறு பேராகச் சுருக்கி ஒரு தாளில் எழுதுங்கள். நூறு பேரில் எத்தனை பேருக்கு ஏற்பி உள்ளது, அவர்களில் எத்தனை பேரை மாடல் தவறவிட்டது, அதனால் எத்தனை பேர் ஹார்மோன் சிகிச்சை கிடைக்காமல் போயிருப்பார்கள். ஏற்பி இல்லாத எத்தனை பேருக்கு ‘உள்ளது’ என்று சொன்னது, அதனால் எத்தனை பேர் பயனற்ற மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்கியிருப்பார்கள். தவறாகக் கணித்த ஒவ்வொரு நோயாளியின் நிரையையும் தனியே எடுத்து, அவருடைய வயது, கட்டியின் நிலை, மாதிரியில் கட்டிச் செல்களின் விகிதம், வாசித்த தட்டு ஆகியவற்றை அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவர் பெரும்பாலும் பின்பக்கத்தைத்தான் முதலில் திருப்புவார். உங்கள் அடுத்த கேள்வி அங்கிருந்துதான் கிடைக்கும்.